நேரலைக்கு முந்திய கிலோமீட்டர்கள்

பந்தயம் அங்கே பிற்பகலில் புறப்படுகிறது.
இங்கே புக்கிட் பாஞ்சாங்கில் இரவு எட்டே முக்கால்.
நாளை எனக்கு மதிய ஷிப்ட், விழித்திருக்கலாம்.
கோப்பி ஓ ஆறிக்கொண்டிருக்கிறது.

படம் இன்னும் வராது.
கடைசி அறுபது கிலோமீட்டருக்குத்தான்
இந்தப் பெண்களுக்காகக் கேமரா கண் விழிக்கும்.
அதுவரை
கைப்பேசியில் எறும்புபோல் ஊரும்
ஒரு நீலப் புள்ளி.

நான் பார்க்க நினைப்பவள்
அந்தப் புள்ளிக்குள் எங்கோ இருக்கிறாள்.
ரன்வா. முதுகில் எண் 146.
ஃபாரோ தீவுக்காரி.
என் தீவைப் போலவே அவளுடையதும்
வரைபடத்தில் விரல் வைத்தால் மறைந்துபோகும்.

அவள் ஜெயிக்கமாட்டாள். அது அவள் வேலையில்லை.
தலைவிக்கு முன்னால் போய்க் காற்றை உடைப்பாள்.
அணியின் காருக்குப் பின்வாங்கி
சட்டைக்குள் ஏழு போத்தல் செருகிக்கொண்டு
கூன் விழுந்தவளாய்த் திரும்பவும் திரளைப் பிடிப்பாள்.
நேரலை தொடங்கும்போது கால்கள் தீர்ந்திருக்கும்.
படம் வரும்.
படத்தில் அவள் இருக்கமாட்டாள்.

நான்கு வருடமாக
பார்க்காமலே விசிறியாக இருக்கிறேன்.

எதிர் புளோக் சிங்காரவேலு
சாப்பிட்டதும் காற்று வாங்கக் கிளம்புகிறார்
கால்வாயோரமாக, கைகளைப் பின்னால் கட்டியபடி.
ரன்வாவும் காற்றுதான் வாங்குகிறாள்.
அடுத்தவளுக்காக.
நெஞ்சில்.

"யாரு ஜெயிச்சா?"
தலை துவட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர்.
"நூற்றுப் பதின்மூணாவது" என்கிறேன்.
அவர் கேட்டது அதை இல்லை, தெரியும்.
பந்து உதைப்பவர்களுக்காக அதிகாலை மூன்று மணிக்கு
அலாரம் வைக்கிற மனிதர்
என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறார்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு.
ஹெலிகாப்டர் எழும்ப முடியாத மழை.
முன்னணியின் படம் அறுந்துபோக,
பின்னால் மாட்டிக்கொண்ட மோட்டார்சைக்கிள் கேமராவுக்கு
காட்ட வேறு யாருமில்லை.
பதினொரு விநாடி ரன்வா.

தாடையில் சேறு.
ஈரக் கையுறையைப் பல்லால் இழுக்கிறாள், வரவில்லை,
மறுபடி இழுக்கிறாள்.
கேமராவைப் பார்த்து ஏதோ சொல்கிறாள்.
தள்ளிப் போ என்றிருக்கலாம்.
வர்ணனையாளர் வேறொருத்தியின் பெயரைச் சொன்னார்.

"அது ரன்வாடா!"
மேல்வீட்டில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

அந்த வாரமே, புதன் விடிகாலை, மண்டாய் சாலை ஏற்றம்.
இடது தடத்தில் தனியாக ஒரு பெண்,
மஞ்சள் தலைக்கவசம், மெதுவான மிதி.
அவள் பின்னால் நான்,
எனக்குப் பின்னால் இரண்டு தளம் நிறையத் தூக்கம்.
முன் இருக்கையில் யாரோ நாக்கைச் சப்புக்கொட்டினார்கள்.
"ஹார்ன் அடிங்க" என்றது ஒரு குரல்.

நான் அடிக்கவில்லை.
இடைவெளி விட்டு, விளக்கைத் தாழ்த்தி
மேடு முடியும்வரை
பின்தொடர்ந்தேன், அணியின் காரைப்போல.
பக்கத்தில் பாதிப் போத்தல் பார்லித் தண்ணீர் இருந்தது.
சன்னலைத் திறந்து நீட்டத் தோன்றியது.
விதிப்புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை.

உச்சியில் அவள் ஒதுங்கி
திரும்பிப் பார்க்காமலே இரண்டு விரலைத் தூக்கினாள்.
என் திரையில் சிவப்பாக: +2.
நேர இடைவெளியை அங்கேயும் இப்படித்தான் எழுதுவார்கள்.

நவம்பரில் அணிப் பட்டியல் வெளியானது.
பதினான்கு முகங்கள்.
இரண்டு தடவை எண்ணினேன்.
அவளுடைய பக்கத்தில் கடைசியாக
ஓர் ஆட்டுக்குட்டி, ஒரு வேலி, மழை.
வார்த்தை எதுவுமில்லை.

இப்போது மார்ச்.
இரவு எட்டே முக்கால், கோப்பி, நீலப் புள்ளி.
"அவதான் இல்லையே, இன்னும் என்ன பார்க்கிறே?" என்கிறார்.

படம் வர இன்னும் ஒன்றரை மணி நேரம்.
இந்நேரம் ஒருத்தி
காருக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருப்பாள்.
பெயர் தெரியவில்லை.
பட்டியலை மேலிருந்து படிக்க ஆரம்பிக்கிறேன்,
இல்லை,
கீழிருந்து.